ஹைபிரிட் கார் வாங்கலாமா? வட சென்னை டிராஃபிக்குக்கு செட் ஆகுமா? முழுமையான கைடு!

டோல்கேட்டில் ஆரம்பித்து காசிமேடு வரை ஒரே லைனாக கன்டெய்னர் லாரிகள். ஏ.சி ஓடுது, இன்ஜின் ஓடுது, பெட்ரோல் மீட்டர் முள்ளும் ஓடுது; கார் மட்டும் ஓடலை. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தினசரி காட்சி. 'ஹைபிரிட் வாங்கிட்டா டிராஃபிக்ல பெட்ரோலே செலவாகாதாமே' என்ற பேச்சு இங்கே அதிகம் கேட்பதற்கு இதுதான் காரணம்.

பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் 20 லட்ச ரூபாயில் கையெழுத்துப் போட்டால், அடுத்த ஐந்து வருடத்துக்கு இ.எம்.ஐ கட்டும்போதுதான் உறைக்கும். வட சென்னை ரோடு, வட சென்னை பார்க்கிங், வட சென்னை உப்புக்காற்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இந்த முடிவை எப்படி எடுப்பது என்று பார்க்கலாம்.

ஹைபிரிட்னா என்ன? முதலில் பேட்ஜைப் படியுங்கள்

'ஹைபிரிட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் எல்லா காரும் ஒன்றல்ல. மூன்று வகை இருக்கிறது.

மைல்டு ஹைபிரிட்: மாருதி இதை 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று சொல்லி விற்கிறது. சியாஸ் காரில் 2015-ல் வந்தது. இப்போது பிரெஸ்ஸா, எர்டிகா, கிராண்ட் விட்டாரா எனப் பல மாடல்களில் இருக்கிறது. இதில் இருக்கும் சின்ன மோட்டார், இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். சிக்னலில் இன்ஜினை அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்யும். அவ்வளவுதான். மோட்டாரை மட்டும் வைத்து ஒரு மீட்டர்கூட கார் நகராது.

ஸ்ட்ராங் ஹைபிரிட்: இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றித்தான். இதில் இருக்கும் மோட்டார், தனியாகவே காரை இழுக்கும் அளவுக்குப் பெரியது. ஹோண்டா சிட்டி இ:ஹெச்.இ.வி 2022 மே மாதம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் வந்தன. பிறகு இன்னோவா ஹைகிராஸ், மாருதி இன்விக்டோ. 2025 செப்டம்பரில் மாருதி விக்டோரிஸ். இதில் குழப்பம் எங்கே என்றால், கிராண்ட் விட்டாராவில் மைல்டும் உண்டு, ஸ்ட்ராங்கும் உண்டு. வெளியில் பார்க்க இரண்டும் ஒரே கார்தான். ஷோரூமில் 'ஹைபிரிட்தான் சார்' என்று சொன்னால், 'எந்த ஹைபிரிட்?' என்று கேளுங்கள்.

பிளக்-இன் ஹைபிரிட்: வீட்டில் சார்ஜரும் போடலாம், பெட்ரோலும் போடலாம். நம் நாட்டில் சொகுசுக் கார்களில்தான் பார்க்க முடியும் என்பதால், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஐடியா ஒன்றும் புதிதில்லை. டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். ஹோண்டா 2008-லேயே சிவிக் ஹைபிரிட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2010-ல் பிரியஸும் வந்தது. விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் இரண்டுமே இங்கே எடுபடவில்லை. இப்போது நடுத்தரக் குடும்பம் 'வாங்கலாமா' என்று யோசிக்கும் விலைக்கு இறங்கியிருப்பதுதான் வித்தியாசம்.

சார்ஜர் இல்லாமல் பேட்டரி எப்படி நிரம்புது?

நீங்கள் பிரேக் மிதிக்கும்போது காரின் வேகம் சாதாரண காரில் பிரேக் பேடில் சூடாகி வீணாகும். ஹைபிரிட்டில் அப்போது மோட்டார் டைனமோ மாதிரி வேலை செய்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். போதவில்லை என்றால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகி சார்ஜ் செய்யும்.

பேட்டரி எவ்ளோ பெருசு? ஹைரைடர், கிராண்ட் விட்டாராவில் 0.76 யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். உங்கள் வீட்டு இ.பி பில்லில் வரும் ஒரு யூனிட்டைவிடக் குறைவு! ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 51.4 யூனிட். இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே புரியும், ஹைபிரிட் என்பது எலெக்ட்ரிக் கார் கிடையாது. பேட்டரியில் மட்டும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகும். பிறகு இன்ஜின், மறுபடி பேட்டரி என்று மாறி மாறி ஓடும். முழு எரிபொருளும் பெட்ரோல் பங்க்கில் இருந்துதான் வருகிறது.

டிராஃபிக்கில் ஏன் ஜெயிக்குது?

சாதாரண பெட்ரோல் காரில் ஏ.சி கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினை அணைத்தால் கூலிங் போச்சு. மே மாதம், மதியம் இரண்டு மணி, தண்டையார்பேட்டை... யார் அணைப்பார்கள்? ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏ.சி கம்ப்ரஸரை பேட்டரி ஓட்டும். இன்ஜின் அமைதியாக இருக்கும், உள்ளே ஜில்லென்று இருக்கும். இரண்டடி, மூன்றடி என்று ஊர்வதும் மோட்டாரில்தான்.

அதனால்தான் கார் உலகின் பழைய கணக்கு இங்கே தலைகீழாகிறது. சாதாரண காருக்கு ஹைவேயில் மைலேஜ் அதிகம், சிட்டியில் குறைவு. ஸ்ட்ராங் ஹைபிரிட் தன் முழுத் திறமையையும் காட்டுவது சிட்டியில்தான். ஹைவேயில் 100-ல் போகும்போது வேலை பெரும்பாலும் இன்ஜினுக்கு. சாதாரண காருக்கும் இதற்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் ஏ.சி அந்தக் குட்டி பேட்டரியைத் தின்றுவிடும். நிற்கும்போதே இன்ஜின் 'உர்ர்' என்று தானாக ஸ்டார்ட் ஆகும். ரிப்பேர் என்று பதற வேண்டாம், சார்ஜ் ஏறுகிறது. சில நிமிடங்களில் தானே அணையும்.

கணக்குப் போட்டுப் பார்த்துடலாமா?

கம்பெனி சொல்லும் மைலேஜ்: கிராண்ட் விட்டாரா, ஹைரைடருக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ, விக்டோரிஸுக்கு 28.65, ஹைகிராஸுக்கு 23.24. இவை சோதனைக் கூடத்தில் எடுத்த எண்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரிக்குப் பின்னால் எடுத்தவை அல்ல. அதனால் நம் கணக்குக்கு இறக்கியே வைப்போம்: டிராஃபிக்கில் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 10 கி.மீ, ஸ்ட்ராங் ஹைபிரிட் 18 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். அதே அளவு பெட்ரோல் காரைவிட ஹைபிரிட் இரண்டரை லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். (நீங்கள் பார்க்கும் மாடலுக்கு ஏற்ப இந்த எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.)

மாதம் 400 கி.மீ: ஞாயிற்றுக்கிழமை கோயில், கல்யாணம், பாரிமுனை ஷாப்பிங். வருடத்துக்கு மிச்சம் சுமார் 21,000 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வர 11 வருடத்துக்கு மேல் ஆகும்.

மாதம் 800 கி.மீ: தினமும் எண்ணூர் - ராயபுரம் போய்த் திரும்புவது, கூடவே வார இறுதி ரவுண்டு. வருடத்துக்கு மிச்சம் சுமார் 43,000 ரூபாய். பணம் திரும்ப கிட்டத்தட்ட 6 வருடம்.

மாதம் 1,500 கி.மீ: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. ஹைவேயும் கலந்திருப்பதால் பெட்ரோல் கார் 13, ஹைபிரிட் 21 என்று வைத்தால் வருடத்துக்கு சுமார் 53,000 ரூபாய் மிச்சம். பணம் திரும்ப 5 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இது ரொக்கத்தில் வாங்கினால். லோன் என்றால் கதை வேறு. அந்தக் கூடுதல் இரண்டரை லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 5 வருட லோனாக வாங்கினால், அதற்கு மட்டும் மாதம் சுமார் 5,190 ரூபாய் இ.எம்.ஐ. மாதம் 800 கி.மீ ஓட்டுபவருக்கு பெட்ரோலில் மிச்சமாவது சுமார் 3,560 ரூபாய். அதாவது முதல் 5 வருடம் மாதாமாதம் கையில் இருந்து 1,600 ரூபாய் கூடுதலாகப் போகும். லாபம் ஆறாவது வருடத்தில் இருந்துதான் எட்டிப் பார்க்கும். 'பெட்ரோல் மிச்சத்துலயே இ.எம்.ஐ கட்டிடலாம்' என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் அவர் முன்னால் வையுங்கள்.

வரியில் தள்ளுபடி உண்டா?

எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு? 2025 செப்டம்பர் 22 வரை செஸ்ஸையும் சேர்த்து 43 சதவிகிதம், அதன்பிறகு 40. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசி-க்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் ஹைபிரிட் என்றால் 18 சதவிகிதம்தான். ஆனால் மேலே சொன்ன எந்த ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் அந்த அளவுக்குள் வராது.

சாலை வரியிலும் இதே நிலைமைதான். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வரி விகிதம் மாறியது. 10 லட்சத்தில் இருந்து 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவிகிதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவிகிதம். 17 லட்ச ரூபாய் காருக்கு சாலை வரி மட்டும் சுமார் 3 லட்சம்! உத்தரப்பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. யூடியூபில் வட இந்திய ரிவ்யூ பார்த்துவிட்டு அந்த ஆன்ரோடு விலையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

அப்போ எலெக்ட்ரிக்கே வாங்கிடலாமே?

வீட்டில் கார் நிறுத்த சொந்த இடமும் சார்ஜிங் பாயின்ட் போட வசதியும் இருந்தால், தாராளமாக. சிட்டிக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஹைபிரிட்டைவிட எலெக்ட்ரிக் செலவு குறைவு. ஆனால் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை தெருக்களில் பாதி கார்கள் வாசலில்கூட இல்லை. பக்கத்துத் தெருவில், கோயில் மதில் ஓரம், தெரிந்தவர் காலி மனையில் நிற்கின்றன. மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போட முடியாது. எலெக்ட்ரிக் ஆசை இருந்தும் பிளக் இல்லாதவர்களுக்குத்தான் ஹைபிரிட் சரியாகப் பொருந்துகிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: புகை. நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்டபோது, அதில் மணலியும் இருந்தது. காருக்குப் போகும் பெட்ரோலைச் சுத்திகரிப்பது மணலி ஆலை. ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெய்யைக் கையாளும் திறன் கொண்டது. எலெக்ட்ரிக் காருக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு, அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரித்து வருகிறது. தி.நகரில் யாரோ ஒருவர் எந்தக் கார் வாங்கினாலும் அதன் புகையில் கொஞ்சம் நம்ம ஏரியாவில்தான் இறங்கும்! மின்சாரத்திலாவது காற்றாலையும் சோலாரும் கல்பாக்கம் அணுமின்சாரமும் கலந்திருக்கின்றன. பெட்ரோல், பெட்ரோல்தான். ஹைபிரிட் அதைக் குறைவாக எரிக்கிறது, டிராஃபிக்கில் நிற்கும்போது பக்கத்து பைக்காரர் முகத்தில் புகை விடாது. அந்த அளவுக்கு நல்லது. அதற்கு மேல் 'பசுமை' என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

உப்புக்காற்று, சாம்பல், வெள்ளம்... நம்ம ஏரியா ஸ்பெஷல் கவனிப்பு

பிரேக் டிஸ்க்: ஹைபிரிட்டில் பாதி பிரேக் வேலையை மோட்டாரே பார்த்துவிடுவதால் நிஜ பிரேக் அதிகம் உரசாது. பேட் நீண்ட நாள் வரும். ஆனால் கடலோரத்தில் உரசாத டிஸ்க்கில் துரு சீக்கிரம் பிடிக்கும். வாரத்தில் ஓரிரு முறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் கொஞ்சம் அழுத்தி பிரேக் போடுங்கள். அடிப்பகுதி வாட்டர் வாஷ், துருத்தடுப்பு கோட்டிங் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

பேட்டரி மூச்சு விடும் வழி: பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிரில் இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அது வழியாகத்தான் போகிறது. பை, டவல், குழந்தையின் பொம்மை எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். எண்ணூர் பக்கம் சாம்பலும் தூசியும் அதிகம் என்பதால், ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வெள்ளம்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை இந்தப் பகுதி மறக்காது, எண்ணூர் கழிமுகம் வரை வெள்ளத்தோடு எண்ணெய்யும் பரவியது. தண்ணீரில் ஹைபிரிட்டுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால், சத்தமே இல்லாவிட்டாலும் கார் ஆனில்தான் இருக்கிறது. இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் தானாக ஸ்டார்ட் ஆகலாம். அந்த நேரத்தில் உள்ளே தண்ணீர் போனால் இன்ஜின் காலி. தண்ணீரில் மாட்டினால் முழுவதுமாக ஆஃப் செய்யுங்கள், திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், டோவிங் வண்டியைக் கூப்பிடுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் தெரு மெக்கானிக்கைத் தொடவிடாதீர்கள். அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே இன்ஜின் பாதுகாப்பு, ஹைபிரிட் பேட்டரி இரண்டுக்கும் கவர் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கப்பல் வேலைக்காரர்களுக்கு: ஆறு மாதம் கடலில் இருப்பவரின் கார் வீட்டில் சும்மா நின்றால், சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கி கார் 'ரெடி'யே ஆகாது. வாரம் ஒருமுறையாவது வீட்டில் யாராவது காரை 'ரெடி'யில் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும் அல்லது ஒரு ரவுண்டு ஓட்ட வேண்டும். ஓட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு ஹைபிரிட் வேண்டாம்.

ஓட்ட ஜாலியா இருக்குமா?

முதல் வாரம் விநோதமாக இருக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சத்தமே வராது. கிளட்ச் இல்லை, கியர் மாறும் ஜெர்க் இல்லை. சிக்னல் பச்சை ஆனதும் மோட்டார் சட்டென்று இழுக்கும். ஆனால் ஹைவேயில் ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால், இன்ஜின் கத்தும். அந்தச் சத்தத்துக்கு ஏற்ற வேகம் உடனே வராதது போலத் தோன்றும். ரேஸ் ஓட்டும் ஆசைக்கு இந்தக் கார் சரிப்படாது.

இதன் சுகம் வேறு மாதிரி. நான்கு பழக்கம் போதும்.

1. தூரத்தில் சிக்னல் சிவப்பா? இப்போதே காலை எடுத்து, மென்மையாக, நீளமாக பிரேக் பிடியுங்கள். சடன் பிரேக்கில் சார்ஜ் வீணாகும். சிட்டி இ:ஹெச்.இ.வி-யில் ஸ்டீயரிங் பின்னாலிருக்கும் பேடிலை இழுத்து இந்த இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம்.

2. சிக்னலில் நியூட்ரல் போடும் பழக்கத்தை விடுங்கள். டொயோட்டா, மாருதி ஹைபிரிட்டில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஏறாது. 'டி'-யிலேயே வைத்து பிரேக் பிடியுங்கள்.

3. வேகம் பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்துங்கள். இன்ஜின் அணைந்து மோட்டார் மட்டும் காரைத் தள்ளிக்கொண்டு போகும். டேஷ்போர்டில் பச்சையாக 'இ.வி' என்று வருவதை எவ்வளவு நேரம் தக்கவைப்பது என்பது கேம் மாதிரி பிடித்துப்போகும்.

4. காசிமேடு மீன் சந்தை பக்கம், தேரடித் தெருக்களில் கூடுதல் கவனம். கார் வரும் சத்தம் கேட்காது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். மெதுவாகப் போங்கள்.

புக் பண்றதுக்கு முன்னாடி இந்த 6 செக்

* டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலி ரோட்டில் எடுக்காதீர்கள். வேலை நாள் மாலை, திருவொற்றியூர் ஹைரோட்டில் எடுங்கள். ஏ.சி-யை முழுசாக வைத்து, நிற்கும்போது கூலிங் குறைகிறதா என்று பாருங்கள்.
* டிக்கியைத் திறந்து பாருங்கள். பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிட்டி பெட்ரோலில் 506 லிட்டர். ஹைபிரிட்டில் 306 லிட்டர். ஊருக்குப் போகும்போது கட்டும் மூட்டை உள்ளே போகுமா?
* அப்பா, அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். ஏறி இறங்க வசதியா என்று அவர்களே சொல்லட்டும்.
* பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ என்பது இந்தக் கார்களில் வழக்கம். எதைச் செய்தால் அது ரத்தாகும் என்று கேளுங்கள். வெளியில் ஒயரைத் தொட்டு கூடுதல் லைட், ஹாரன் மாட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.
* ஹைபிரிட் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எந்த சர்வீஸ் சென்டரில் இருக்கிறார்? உங்களுக்குப் பக்கத்திலா, அம்பத்தூரிலா?
* அதே மாடலின் சாதாரண பெட்ரோல் வேரியன்ட்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்குத் தகுமா என்று உங்கள் காலுக்கும் காதுக்கும் தெரிந்துவிடும்.

சரி, யார் வாங்கலாம்?

தினமும் டிராஃபிக்கில் 25, 30 கி.மீ ஓட்டுகிறீர்கள், வீட்டில் சார்ஜர் வைக்க இடமில்லை, குறைந்தது ஏழெட்டு வருடம் இதே காரை வைத்திருப்பீர்கள், முன்பணம் கணிசமாகக் கட்ட முடியும் - இந்த நான்கும் இருந்தால் ஸ்ட்ராங் ஹைபிரிட் உங்களுக்கானது.

வாரத்துக்கு ஒருநாள் கார் எடுப்பவர்கள், மூன்று வருடத்தில் மாற்றுபவர்கள், முழு லோனில் வாங்குபவர்கள் சாதாரண பெட்ரோல் காரோடு நின்றுகொள்ளலாம். சொந்த பார்க்கிங் இருக்கிறதா? முதலில் எலெக்ட்ரிக்கைப் பாருங்கள்.

ஆபீஸ் அண்ணா சாலையிலோ கிண்டியிலோ இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தினசரி ஓட்டத்தை அதற்கு விட்டுவிட்டால், மேலே போட்ட 800 கி.மீ கணக்கு 400-க்கு இறங்கிவிடும்; 11 வருடக் கணக்கு வந்துவிடும். அப்போது இரண்டரை லட்சம் பேங்கிலேயே இருக்கட்டும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வண்டியின் ஓடோமீட்டரை இந்த மாதம் 1-ம் தேதி ஒருமுறை, அடுத்த மாதம் 1-ம் தேதி ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதை அந்த இரண்டு போட்டோக்களே சொல்லிவிடும்.